மாவட்ட நாணயக் குத்திகள் மகளின் படிப்புக்கு உதவுமா?

கேள்வி: நான் கொக்குவிலில் இருக்கும் ஆசிரியை. இலங்கையின் மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த, 2013 என்று பொறித்த பத்து ரூபாக் குத்திகள் 25உம் அல்பத்தில் வைத்திருக்கிறேன். சில்லறையில் வரும் 20 ரூபாக் குத்திகளில் மினுங்குகிறவற்றைப் பால்மா டின்னில் சேர்க்கிறேன். இப்போது முகநூலில் ஒருவர், ஞாபகார்த்தக் குத்தித் தொகுப்பு ஒன்றை 85,000 ரூபாவுக்குத் தருகிறாராம்; பத்து வருசத்தில் பல மடங்காகும் என்கிறார். சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது. மகளுக்கு எட்டு வயது. அவளின் படிப்புக்கென்று வாங்கி வைக்கலாமா?

பதில்: படிப்புக்கான காசென்றால் வேண்டாம். ஆசைக்கு வாங்குவதென்றாலும் 85,000 அதிகம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 8 வீத வட்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 85,000 ரூபா பத்து வருசத்தில் ஏறக்குறைய 183,000 ஆகும். குத்தியில் அதே காசைப் பார்க்க வேண்டுமென்றால் அதை யாராவது உங்களிடம் 183,000க்கு வாங்க வேண்டும். வாங்குபவர் பெரும்பாலும் வியாபாரிதான். அவருக்கும் லாபம் வேண்டும். பாதி விலைக்கு எடுக்கிறார் என்று வைத்தால், அன்றைக்கு அவரின் கடை விலை 366,000 ஆக இருக்க வேண்டும். அதாவது நீங்கள் இன்று கொடுப்பதைப் போல நாலு மடங்குக்கு மேல். அதுவும் வங்கியில் போட்ட காசோடு சமன்படுவதற்கு மட்டும்!

லண்டனில் உள்ள சொந்தக்காரர் யாராவது கியூ தாவரவியல் தோட்டத்தைப் பொறித்த 50 பென்ஸ் குத்தியின் கதையைச் சொல்லியிருப்பார்கள். 2009இல் 210,000 மட்டும் அடித்துப் புழக்கத்துக்கு விட்டார்கள், இன்று நூறு பவுணுக்கு மேல் போகிறது. உண்மைதான். ஆனால் அங்கே மாற்றக் காசைக் கிண்டித் தேடுகிற பெருங்கூட்டமே இருக்கிறது. அந்தக் குத்தி அரிது என்று தெரியவந்ததும் பின்னாளில்தான். நம்முடைய மாவட்டக் குத்திகளை, சேர்க்க வேண்டியவை என்று தெரிந்தே ஆட்கள் எடுத்து வைத்தார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்குப் பிறகு தட்டுப்பாடு எங்கிருந்து வரும்?

உலோகமும் கைகொடுக்காது. 1957இல் புத்த ஜயந்திக்கு வந்த 5 ரூபா, 28 கிராமுக்குக் கொஞ்சம் மேற்பட்ட எடையுள்ள வெள்ளிக் குத்தி. சேகரிப்பவர் யாரும் வராவிட்டாலும் வெள்ளி விலை மிஞ்சும். உங்கள் அல்பத்தில் உள்ள பத்து ரூபா நிக்கல் பூசிய உருக்கு. காந்தம் வைத்தால் ஒட்டும். யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் எந்த நகைக் கடையிலும் அதை அடகு வைக்க முடியாது. அந்தரத்துக்குக் காசாக்க முடியாததைச் சேமிப்பு என்று நான் எழுதமாட்டேன்.

விற்பவர் சொல்லும் விலையையும் நம்ப வேண்டாம். இணையத்தில் ஒருவர் 50,000 என்று போட்டுவிட்டால் அது அவரின் ஆசை, அவ்வளவுதான். அதே குத்தி அண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். அவருடைய தொகுப்பில் ஒவ்வொரு குத்தியும் எந்த ஆண்டு, எந்த உலோகம், மத்திய வங்கி எத்தனை வெளியிட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்று வரும் காணொளிகள் வேறு ரகம். அவற்றைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. நம்மூர் தொலைபேசிகளிலும் அவை சுற்றித் திரிகின்றன.

பால்மா டின்னைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அப்படிப்பட்ட வருசத்தில் டின்னுக்குள் கிடக்கும் 20 ரூபா, 20 ரூபாவாகவே இருந்துகொண்டு தேய்கிறது. ஒவ்வொரு வகையிலும் நல்லதாக இரண்டை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மரக்கறிக் கடையில் கொடுங்கள்.

அல்பத்தை விற்க வேண்டாம், மகளுக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் குத்தி மங்கிவிட்டதே என்று, பித்தளைச் செம்பு மினுக்குவதுபோலப் பழப்புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த குத்தியைச் சேகரிப்பவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். இருந்த கொஞ்ச விலையும் போய்விடும். மலிவான பிவிசி உறையும் கூடாது, நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். நமது கடற்காற்றுக்கு உருக்குக் குத்தி துருப்பிடிக்கவும் செய்யும், ஆகவே ஈரமில்லாத அலுமாரியில் வையுங்கள்.

85,000ஐ மகளின் பெயரில் நிலையான வைப்பில் போடுங்கள். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கி என்றால், அது முறிந்தாலும் ஒரு வைப்பாளருக்கு 1,100,000 ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் நிறுத்திவைப்பு வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். படிவத்தை வங்கியிலேயே கேளுங்கள். வரும் வட்டியில் வருசத்துக்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ எடுத்து, மகளுக்குப் பிடித்த ஒரு குத்தியை வாங்கிக் கொடுங்கள். அந்தச் செலவுக்கு என்னிடம் கேட்கவே தேவையில்லை.