மூன்று மாதத்தில் 25 பேர் ஆறு பேராகிவிட்டார்கள்: தொடரலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நகரத்தின் நெரிசலான, வசதி குறைந்த ஒரு குடியிருப்பில் 13 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வழிகாட்டல் வகுப்பு நடத்துகிறோம். தன்னம்பிக்கை, நேரத்தைப் பயன்படுத்துவது, என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று வாரம் ஒரு தலைப்பு. முதல் வாரம் 25 பேர் வந்தார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது, வருவது ஆறு பேர். அந்த ஆறிலும் ஒருவன் போன வாரம் கடன் கேட்டான். இன்னொருவன் ஒரு அடிதடியில் மாட்டிக்கொண்டான். எங்களில் ஒருவர் நிறுத்திவிடலாம் என்கிறார். எங்கே தவறு செய்தோம்?

பதில்: அந்த ஆறு பேரின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள், சாயங்காலம் எங்கே இருப்பார்கள் என்று உங்கள் நால்வருக்கும் தெரியுமா? தெரிந்திருந்தால் வேலை நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறது. தெரியாவிட்டால், 25 பேர் வந்த முதல் வாரத்திலும் உங்களிடம் இருந்தது கூட்டம் மட்டும்தான். நான்கு பெரியவர்களுக்கு ஆறு பிள்ளைகள் என்பது என் கணக்கில் மிக நல்ல விகிதம். 25 பேரோடு தொடர்ந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

தலைப்பு வைத்துப் பேசுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். அந்தப் பிள்ளைகள் பள்ளியிலும் வீட்டிலும் வாரம் முழுக்க அறிவுரை கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே என்றால் எதற்கு வர வேண்டும்? அமெரிக்காவில் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்ற பழைய வழிகாட்டல் அமைப்பில் 82 ஜோடிகளை, அதாவது ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று, ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களில் ஒரு வகையினர் பிள்ளையைத் திருத்த வந்தவர்கள். முதல் சந்திப்பிலேயே மதிப்பெண், நடத்தை என்று இலக்கு வைத்துக்கொண்டார்கள். இன்னொரு வகையினர் முதலில் பழகினார்கள், என்ன செய்யலாம் என்று பிள்ளையிடமே கேட்டார்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொண்டார்கள். திருத்த வந்தவர்களின் உறவுகளில் பெரும்பாலானவை பாதியிலேயே அறுந்தன. பழகியவர்களின் உறவு நிலைத்தது. படிப்பைப் பற்றிய பேச்சும் அவர்களிடம்தான் எடுபட்டது.

அதனால் செய்ய ஏதாவது ஒரு வேலையை நடுவில் வையுங்கள். பந்து விளையாட்டு, சைக்கிள் பழுதுபார்ப்பது, சுவரில் ஓவியம், வீட்டுப்பாடம், எதுவானாலும் சரி. அதை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். இந்த வயதில் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் 'ஒண்ணுமில்ல' என்பதுதான் பதில். பக்கத்தில் நின்று சைக்கிள் சங்கிலியை மாட்டும்போது கேட்காமலே பேச்சு வரும்.

அடுத்து, காலம். இதைத்தான் உங்கள் நண்பரும் யோசிக்க வேண்டும். அதே அமைப்பில் 1990-களின் தொடக்கத்தில் 10 முதல் 16 வயதுவரை உள்ள 959 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஒரு வழிகாட்டி. மறு பாதி காத்திருப்புப் பட்டியலில். 18 மாதம் கழித்துப் பார்த்தால், வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடங்கியது 46 சதவீதம் குறைவு, மதுவைத் தொடங்கியது 27 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைந்திருந்தது. 1995-இல் வெளியான இந்த முடிவைத்தான் எல்லோரும் மேடையில் சொல்வார்கள். 2002-இல் அதே தரவை மறுபடி அலசியபோது தெரிந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பெரிய பலன் இருந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளையின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஆக, வந்து பாதியில் போவதற்கு வராமலே இருப்பது மேல்.

இதில் பெரிய மர்மம் இல்லை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பது, அப்பா வேறு ஊரில் வேலை பார்ப்பது, வருடத்துக்கு ஒரு வகுப்பாசிரியர், ஆறு மாதத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம், படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பாதது, இப்படிப் பெரியவர்கள் காணாமல் போவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். நீங்களும் போய்விட்டால் 'அவர்களுக்கு வேலை வந்துவிட்டது' என்று நினைக்க மாட்டார்கள். 'என்னிடம்தான் ஏதோ சரியில்லை' என்று நினைப்பார்கள். பல வருடங்களாகத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்பதில்லை. 'அடுத்த 12 மாதம் எந்த ஊரில் இருப்பீர்கள்?' என்பதுதான். வாரந்தோறும் வர முடியாதா? மாதம் இரண்டு முறை வாருங்கள், ஆனால் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். மழை பெய்தாலும், ஒரே ஒரு பையன் வந்தாலும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பையனிடம் பரீட்சைக்கு முந்தைய நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அலுவலகக் கூட்டம் என்று போகவில்லை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்ல சார், எதிர்பார்க்கல' என்றான். கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நல்ல மனசு இருந்தால் தீங்கு வராது என்று நாம் நம்புகிறோம். 1939-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு நகரங்களில் 506 சிறுவர்களை வைத்து ஒரு பெரிய முயற்சி தொடங்கியது. பாதிப் பேருக்கு ஆலோசகர், வீட்டுக்கு வருகை, பாட உதவி, மருத்துவ உதவி, கோடைக்கால முகாம் எல்லாம் சில வருடங்களுக்குக் கிடைத்தன. மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களை நடுவயதில் தேடிப் பிடித்து, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'எனக்கு அது நன்மை செய்தது' என்றார்கள். ஆனால் மீண்டும் குற்றம் செய்வது, குடிப்பழக்கம், மனநோய், சீக்கிரம் சாவது என்று பல அளவீடுகளில் அவர்கள் நிலைதான் மோசம். ஏன் என்று பலரும் பலவிதமாக விளக்கினார்கள். பின்னாளில் மெக்கார்டே அலசியபோது ஒன்று துலங்கியது: கோடை முகாமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை போனவர்களிடம்தான் கெடுதல் அதிகம் தெரிந்தது. வம்புக்குப் போகும் பையன்களை ஒரே இடத்தில் குவித்தால் அவர்கள் ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்வார்கள். யார் பெரிய சேட்டை செய்தான் என்பதே அங்கே பெருமையாகிவிடும்.

அடிதடியில் மாட்டியவனுக்கு இது நேரடியாகப் பொருந்தும். அவனைப் போன்றவர்களுக்கென்று தனிக் குழு போட வேண்டாம். மற்ற ஐவரோடு இருக்கட்டும், உங்களில் ஒருவர் அவன் பக்கத்தில் இருக்கட்டும். சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்கென்று 'பிகமிங் எ மேன்' என்று ஒரு திட்டம் உண்டு. அதன் முதல் நாள் பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டிரண்டு பேராகப் பிரிப்பார்கள். ஒருவன் கையில் ஒரு பந்து. மற்றவன் 30 நொடியில் அதை வாங்க வேண்டும். உடனே முறுக்கல், இழுப்பு, கட்டிப் புரளல். முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: 'யாராவது பந்தைக் கேட்டுப் பார்த்தீர்களா?' அநேகமாக யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். 'கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?' என்றால் பலரும் கொடுத்திருப்பேன் என்பார்கள். அந்த வயதில் கை முந்திக்கொள்கிறது என்பதை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் இது காட்டிவிடுகிறது. இந்தத் திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம்வரை குறைந்தன என்று குலுக்கல் முறை ஆய்வுகள் காட்டின. திட்டம் முடிந்ததும் கைது விஷயத்தில் அந்தப் பலன் மங்கிப்போனது. மறுபடியும் காலம்தான்.

ஆனால் ஒன்று. அவன் வாழும் தெருவில் அடிக்குப் பதிலடி கொடுக்காதவன் தினமும் அடி வாங்குவான் என்பதும் உண்மையாக இருக்கலாம். 'சண்டை போடாதே' என்று சொல்லிவிட்டு நாம் பாதுகாப்பான வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம், அவன் அங்கேயே இருக்கிறான். என்ன நடந்தது, அந்த நொடியில் என்ன தோன்றியது, வேறு என்ன வழி இருந்தது என்று மூன்றையும் அவனே சொல்லட்டும். காவல், வழக்கு என்று போயிருந்தால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவியிடமோ பெற்றோரோடு அழைத்துப் போங்கள்.

கடன் விஷயம். கொடுக்காதீர்கள், ஆனால் பேச்சை அங்கே முடித்துவிடாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். தேர்வுக் கட்டணமா, வீட்டு வாடகையா, போன் தவணையா, யாராவது மிரட்டுகிறார்களா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. நீங்கள் தனியாகப் பணம் கொடுத்தால் அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் கடன் கொடுத்தவர், அவன் கடனாளி. திருப்பித் தர முடியாதவன் வகுப்புக்கே வரமாட்டான். உண்மையான அவசரம் என்றால் நால்வரும் கூடிப் பேசி, குழுவின் பெயரில், பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ நேரடியாகக் கட்டுங்கள். இதற்கென்று ஒரு சிறிய நிதியும் ஒரு தாளில் நான்கு வரி விதியும் இப்போதே வைத்துக்கொள்வது நல்லது. கேட்டவன் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிலை வரக்கூடாது.

அவர்கள் எழுதியதையோ செய்ததையோ திருத்தும்போது பாராட்டி மழுப்ப வேண்டாம். ஏழைப் பிள்ளை என்று தரத்தைக் குறைத்தால் அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. சிலருக்குச் சாதாரணச் சீட்டு, மற்றவர்களுக்கு இப்படி: 'உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அதிகம், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிந்துதான் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்' என்ற பொருளில். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், சாதாரணச் சீட்டு பெற்ற கறுப்பின மாணவர்களில் 17 சதவீதம் பேர் கட்டுரையைத் திருத்தி எழுதித் தந்தார்கள். இந்தச் சீட்டு பெற்றவர்களில் 72 சதவீதம். சின்ன ஆய்வுதான், எண்ணை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆனால் ஆசிரியர்மேல் நம்பிக்கை குறைந்திருந்த மாணவர்களிடம்தான் மாற்றம் அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்குப் பேச்சைவிட ஆட்களைத் தெரிந்திருப்பதே பெரிய உதவி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாமா வங்கியில் இருப்பார், ஒரு சித்தி ஆஸ்பத்திரியில் இருப்பார், 'வந்து பார்' என்பார்கள். இவர்களுக்கு அந்த ஒரு போன் அழைப்புதான் இல்லை. நீங்கள் நால்வரும் வேலையில் இருப்பவர்கள். ஒரு நாள் உங்கள் வேலையிடத்துக்கு அழைத்துப் போங்கள். எலெக்ட்ரீஷியன், நர்ஸ், கணக்கர், பேருந்து ஓட்டுநர் என்று தெரிந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து கேள்வி கேட்க விடுங்கள். விடுமுறையில் சட்டப்படியான வயதில், சம்பளத்தோடு ஒரு பகுதிநேர வேலை கிடைத்தால் இன்னும் நல்லது. சிகாகோவில் 2012 கோடையில் பதின்ம வயதினருக்கு எட்டு வாரப் பகுதிநேர வேலையும் உடன் ஒரு பெரியவரின் துணையும் கொடுத்தார்கள். அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றக் கைதுகள் 43 சதவீதம் குறைந்திருந்தன.

பாதுகாப்பு விதிகளில் சமரசம் வேண்டாம். பெற்றோரின் எழுத்து ஒப்புதல் வாங்குங்கள், முடிந்தால் வீட்டுக்கே போய். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்காதீர்கள், எப்போதும் இன்னொருவர் பார்வையில் இருங்கள். இரவு நேரத் தனிச் செய்திகள் வேண்டாம். அவர்கள் படத்தை இணையத்தில் போட வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்யாதீர்கள். 'உனக்கு ஆபத்து என்றால் உதவக்கூடியவரிடம் சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்' என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. துன்புறுத்தல், தற்கொலை எண்ணம் போன்றவை காதில் விழுந்தால் அது உங்கள் தகுதிக்கு மேலான விஷயம். குழந்தைகள் உதவி எண்ணும் ஒரு மனநல மருத்துவரின் தொடர்பும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும்.

வராமல் போன 19 பேரை விட்டுவிடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். இப்போது வருகிற ஆறு பேரிடம் கேளுங்கள், காரணம் அவர்களுக்குத் தெரியும். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம், ஞாயிறுதான் கூலி வேலை கிடைக்கும் நாளாக இருக்கலாம். பெண் பிள்ளைகள் நின்றிருந்தால், திரும்பும்போது இருட்டிவிடுகிறதா என்று பாருங்கள். நேரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தியதும் நான்கு பெண்கள் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் நண்பர். அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், மனமில்லாமல் வருபவரைப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் சத்தமில்லாமல் நழுவ விடவும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு முன்பே அவரே சொல்லட்டும்: எப்போது கடைசி நாள், ஏன் போகிறார், காரணம் அவர்கள் இல்லை என்று. அவரோடு நெருக்கமாக இருந்த பிள்ளை இனி யாரிடம் பேசுவது என்பதையும் அந்த மூன்று வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள். அப்புறம், அந்தக் கடைசி நாளன்று அவர் கட்டாயம் வரவேண்டும். பலரும் தவறவிடுவது அந்த நாளைத்தான்.