டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

கேள்வி: எனக்கு 38 வயது. பக்தியான குடும்பத்தில் பிறந்தவள். தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். ஆனாலும் ஒரு வருடமாக ஜெபம் வறண்டு கிடக்கிறது. கர்த்தர் எங்கோ தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. 'தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்' என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு மன்றாடியும் பலன் இல்லை. வீட்டில் பொறுப்புகளும் அதிகம். பிள்ளைகள் இருவர், 9 வயதும் 6 வயதும். கணவரின் பெரியப்பாவும் எங்களோடுதான், பின்கட்டு அறையில் இருக்கிறார். கல்யாணம் ஆகாதவர், என் கணவரைப் படிக்கவைத்தவர். அவருக்குத் தொழுநோய் வந்து, 1994இல் மருந்து முடித்துக் குணமாகிவிட்டது. விரல்கள் மடங்கியிருக்கின்றன; கை அடிக்கடி கொப்புளித்துப் புண்ணாகிவிடுகிறது. அவரையும் குறையில்லாமல் கவனித்துக்கொள்கிறேன். தட்டு, டம்ளர் எல்லாம் தனி. மாறிவிடக்கூடாது என்று அடியில் நகப்பூச்சால் பொட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளும் புரிந்துகொண்டு தவறிக்கூட அதை எடுப்பதில்லை. தேவனிடம் நெருங்க நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: சகோதரி, ஜெபம் வறண்டுவிட்டது என்று எழுதாத வாசகர்கள் குறைவு. எல்லா விசுவாசிகளுக்கும் வருகிற வனாந்தரக் காலம்தான், பொறுத்திருங்கள் என்று அவர்களில் பலருக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அதை எழுத மாட்டேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் கண் ஒரே இடத்தில் போய் நின்றுவிட்டது. நகப்பூச்சு.

ஒரு மத்தியான நேரத்தில் நீங்கள் அந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். பூச்சுப் புட்டியைத் திறந்து, தூரிகையின் நுனியால் ஒரு பொட்டு வைத்து, அது காயும்வரை வாயால் ஊதியிருப்பீர்கள். நாரும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற டம்ளரில் நகப்பூச்சு எத்தனை நாள் நிற்கும்? ஒரு மாதம்? இரண்டு மாதம்? அழிந்ததும் மறுபடி வைத்திருப்பீர்கள். அப்படியானால் இது ஒருநாள் அவசரத்தில், ஒரு பயத்தில் செய்த காரியம் இல்லை. வருடக்கணக்காக, அழிய அழியப் புதுப்பித்துவந்திருக்கிறீர்கள். காலை 4 மணி ஜெபத்தைக் காட்டிலும் இதில் நீங்கள் தவறாமல் இருந்திருக்கிறீர்கள்.

எதற்காக அந்தப் பொட்டு? தொழுநோய், சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது, அவருடைய மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிவரும் நுண்துளிகள் வழியாகப் பரவுகிற நோய். சேர்ந்து சாப்பிடுவதால் அது பரவாது. பெரும்பாலான மனிதர்களின் உடலுக்கு அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே உண்டு. டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோஃபசிமின் சேர்ந்த கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். மருந்து தொடங்கியதுமே அவரிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். உங்கள் பெரியமாமா மருந்தை முடித்தது 1994இல். உங்கள் பிள்ளைகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் யாருக்கும் நோயைக் கொடுக்க முடியாதவராகிவிட்டார். உங்களுக்கும் இது தெரியும். 'குணமாகிவிட்டது' என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்களே!

இனி அந்தப் புண்ணுக்கு வருகிறேன். நகப்பூச்சுக்கும் அதற்கும் உள்ள உறவை நீங்கள் பார்க்கவில்லை. எனக்கு வயிறு கலங்கியது அங்கேதான். 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூரில் வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். நோய் சதையை அழுகவைத்து விரல்களை உதிர்க்கிறது என்று ஊரே நம்பியிருந்த காலம் அது. நரம்பு செத்து உணர்ச்சி போய்விடுவதால், சூடும் வெட்டும் அழுத்தமும் தெரியாமல் கை நாள்தோறும் காயப்படுகிறது, சேதமெல்லாம் அதிலிருந்து வருவது என்று அவர் எடுத்துச் சொன்னார். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். செத்த நரம்பைப் பெரும்பாலும் திருப்பித் தராது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்கக் காப்பியை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் நீங்களும் நானும் சேலை முந்தானையால் பிடிப்போம். அவர் வெறுங்கையால் பிடிப்பார். சுடுவது அவருக்குத் தெரியாது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, ஆற அமரக் குடித்துவிட்டு வைப்பார். சாயங்காலம் கொப்புளம். மூன்றாம் நாள் புண். அது எங்கிருந்து வந்தது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, சகோதரி. ஆனால் நான் முதலில் பார்க்கிற இடம் அந்த டம்ளர்தான். அவருடைய கைக்குத் தேவை, சூடு ஏறாத பிடி வைத்த பெரிய கோப்பை. அதையும் அவருக்கென்று தனியாகத்தான் வாங்கவேண்டியிருக்கும், ஆனால் அந்தத் தனி வேறு. இத்தனை வருடம் டம்ளரின் அடியைக் கவனித்த நீங்கள், அதைப் பிடிக்கிற கையை ஒருநாளும் கவனிக்கவில்லை.

'அவரே தனியாக இருப்பதைத்தான் விரும்புகிறார்' என்று மறுகடிதம் எழுதுவீர்கள். இப்படிக் கேட்டு எழுதிய எல்லோருமே அதைச் சொல்லியிருக்கிறார்கள். லேவியராகமத்தில் குஷ்டரோகிக்குச் சொல்லப்பட்ட முறை நினைவிருக்கிறதா? பாளயத்துக்கு வெளியே குடியிருந்து, 'தீட்டு, தீட்டு' என்று அவனே சத்தமிட வேண்டும். ஒரு மனிதனைத் தன் வாயாலேயே தன்னைத் தீட்டென்று சொல்லவைப்பது அவ்வளவு பழைய வழக்கம். எனக்குத் தனித்தட்டு போதும் அம்மா என்று அவர் சொல்லியிருந்தால், அதைச் சொல்ல அவரைப் பழக்கியது யார் என்று வீட்டில் கேளுங்கள்.

அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு குஷ்டரோகி மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசுவிடம் வருகிறான். அவர் மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டார். அவன் சுத்தமாவதற்கு முன்பே தொட்டார். உங்கள் பெரியமாமா சுத்தமாகி முப்பது வருடம் கடந்துவிட்டது.

இன்னொரு இடமும் உண்டு. சிலுவைக்குப் போகிற வாரத்தில், பெத்தானியாவில், குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில் இயேசு போஜனபந்தியில் உட்கார்ந்திருந்தார். பரிமளதைலத்தை உடைத்து ஊற்றிய பெண்ணைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டதில்லை. வேதம் அவரை எப்படி அடையாளம் சொல்கிறது என்று பாருங்கள்: குஷ்டரோகியாயிருந்த சீமோன். நோய் போய்விட்டது, பட்டம் போகவில்லை. அந்த வீட்டில், அவர்கள் பரிமாறிய பாத்திரத்தில், கர்த்தர் சாப்பிட்டார். அன்று அந்தச் சமையலறையில் நீங்கள் இருந்திருந்தால், அவருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுத்திருப்பீர்கள்?

பிள்ளைகள் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை தண்ணீர் குடிக்கப் போய், டம்ளரைத் திருப்பி அடியைப் பார்த்து, பொட்டைக் கண்டதும் வைத்துவிட்டு வேறு எடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் அதே குழந்தை, இயேசு குஷ்டரோகியைத் தொடுகிற படத்துக்கு வண்ணம் தீட்டுகிறது. இரண்டு பாடத்தில் எது நிற்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நம் நாட்டில் தனி டம்ளருக்கு நீண்ட கதை உண்டு. டீக்கடைகளில் அது யாருக்காகத் தனியாக வைக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பி ஆராதித்தார்கள். 1910இல்தான் அதை இடித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழங்காலில் நின்றவர்கள் உங்களைப்போலவே பக்தியானவர்கள்.

நாட்டின் சட்டம்கூட மாறிவிட்டது. தொழுநோயாளிகளை ஒதுக்கி அடைத்துவைக்க வெள்ளையர் 1898இல் கொண்டுவந்த சட்டத்தை 2016இல் நீக்கினார்கள். 2019இல் விவாகரத்துக்கான காரணங்களிலிருந்து தொழுநோயை எடுத்தார்கள், கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தும்தான். உங்கள் பாத்திர அலமாரிக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை.

உங்களை இவ்வளவு கடிந்து பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். இளம்வயதில், கிறிஸ்துமஸ் கீதம் பாடுகிற குழுவோடு ஒரு தொழுநோயாளர் இல்லத்துக்குப் போனேன். பாடினோம், பிஸ்கட் பொட்டலம் கொடுத்தோம். ஒரு வயதான அம்மா, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கண்ணாடித் தம்ளரை இடுக்கி எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். நான் தேநீர் குடிப்பதில்லை என்றேன். 'சரிம்மா' என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப்போய், முருங்கை மரத்தின் தூரில் அதை மெல்ல ஊற்றினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று இரவு என் வீட்டில் நான் வழக்கம்போல் தேநீர் குடித்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வருடம் கழித்துப் போனபோது அவர் உயிரோடு இல்லை. எத்தனை உபவாசம் இருந்தும் அந்தத் தேநீரை என்னால் திரும்ப வாங்கிக் குடிக்க முடியவில்லை. உங்கள் பெரியமாமா இன்னும் பின்கட்டில் இருக்கிறார்.

உபவாசம் என்று சொன்னீர்களே, ஏசாயா 58ஆம் அதிகாரத்தை இந்த வெள்ளிக்கிழமை திறந்துவைத்துப் படியுங்கள். கர்த்தர் தமக்கு உகந்த உபவாசம் எது என்று சொல்லிக்கொண்டே வந்து, 'உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்' என்று முடிக்கிறார். மாம்சமானவன் என்றால் சொந்த இரத்தம். நீங்கள் பிடித்துக்கொண்டு மன்றாடுகிற யாக்கோபின் வசனமும் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. தேவனிடத்தில் சேருங்கள் என்று சொன்ன அதே மூச்சில், உங்கள் கைகளைச் சுத்திகரியுங்கள் என்கிறது. பாதி வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடம் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

கடிதத்தில் உங்கள் கணவரைக் காணவே இல்லை. பெரியப்பா என்பவர் தகப்பன் ஸ்தானம். அவர் படிக்கவைத்தார் என்பதை நான் நன்றிக்கடனாகக்கூட எடுக்கமாட்டேன். ஒரு பைசா கொடுக்காதவராக இருந்தாலும் அந்த ஸ்தானம் அவருடையதுதான். அவருடைய தம்பி மகன் இருக்கிற வீட்டில், அவர் சாப்பிடவேண்டிய இடம் நடுக்கூடம். மருமகள் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிற ஆண்பிள்ளையையும் நான் விடப்போவதில்லை. இந்தப் பதிலை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

நகப்பூச்சை அழிக்கிற திரவம் உங்களிடம் இருக்கும். பிள்ளைகள் பார்க்கும்படி அழியுங்கள். ஏன் அம்மா என்று கேட்பார்கள். நாங்கள் செய்தது தப்பு என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பிறகு அந்த டம்ளரை மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிடுங்கள், எது என்று உங்களுக்கே தெரியாதபடி. ஆறாத புண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். காலிலும் உணர்ச்சி இல்லையென்றால் அவருக்கு எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும், அங்கே கேளுங்கள். தினமும் ஒருதரம் கைகளையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். புண் இருக்கிற இடத்துக்கு மட்டும் அங்கே சொல்கிறபடி செய்யுங்கள். புதிதாகக் கீறலோ கொப்புளமோ இருக்கிறதா என்று விரல் விரலாகப் பார்க்க வேண்டும். அவருடைய கைக்கு வலி தெரியாது என்பதால், வேறொருவரும் அந்தக் கையைத் தன் கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. நீங்களும் உங்கள் கணவரும் நாள் மாற்றிச் செய்யுங்கள். காலையில் நேரம் இல்லையென்றால் அந்த 4 மணி ஜெபத்திலிருந்து 20 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபத்தைப் பற்றி மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். பெரியமாமாவின் கை எப்படி இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.