அலுவலக அப்ளிகேஷனை ஆக்டிவ் டைரக்டரியோடு (விண்டோஸ் அலுவலகத்தில் எல்லாப் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் சர்வர்) இணைக்கும்போது, பைண்ட் (பெயரும் பாஸ்வேர்டும் அனுப்பி அதில் நுழையும் படி) வெற்றி என்று வந்தாலே பயனரை உள்ளே விட்டுவிடலாமா?

விடலாம். ஆனால் பாஸ்வேர்டு காலியாக இல்லை என்பதை உங்கள் கோடு அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், மேனேஜரின் ஐடி தெரிந்த எவரும் பாஸ்வேர்டே போடாமல் அவர் பெயரில் நுழைந்து லீவை அப்ரூவ் செய்துவிடலாம்.

உங்களுடையது ஜாவாவில் ஓடும் உள் அலுவலக அப்ளிகேஷன், இதுவரை பாஸ்வேர்டுகள் சொந்த டேபிளில் இருந்தன, இப்போது 389ஆம் போர்ட்டில் இணைத்து உங்கள் ஐடியில் லாகின் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். சரியான ஆள் உள்ளே வருகிறார் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். வரக்கூடாதவர் வரவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. எனக்கு ஆற்றாமையே அதில்தான்.

பெயரைக் கொடுத்து பாஸ்வேர்டை வெறுமையாக அனுப்பும் பைண்டை எல்டாப் (டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) அனானிமஸ் இணைப்பாக, அதாவது பெயர் தெரியாதவர் இணைப்பாக, எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அதன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4513 இதை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. சர்வர் வெற்றிக்கான 0 குறியீட்டைத் திருப்பும், உங்கள் கோடு அதைப் பார்த்து கதவைத் திறந்துவிடும். ஓபன்எல்டாப் என்ற இலவச டைரக்டரி சர்வர் இயல்பிலேயே இதை மறுக்கும், ஆக்டிவ் டைரக்டரி இயல்பிலேயே ஏற்கும். மறுக்கச் சொல்லும் செட்டிங் விண்டோஸ் சர்வர் 2019இல்தான் வந்தது, அதையும் யாராவது போட்டிருந்தால்தான் வேலை செய்யும். அதனால் ஓபன்எல்டாப்பை வைத்து டெஸ்ட் செய்தால் ஓட்டை தெரியாது, லைவில்தான் தெரியும். எல்டாப்போடு பேச ஜாவாவில் உள்ள ஜேஎன்டிஐ லைப்ரரி வேறு, காலி பாஸ்வேர்டைக் கண்டதும் தானாகவே அனானிமஸுக்கு மாறிக்கொள்ளும். பிரவுசரில் "கட்டாயம்" என்று குறித்தது போதாது. பைண்ட் அழைப்புக்கு நேர் மேல் வரியில் சோதியுங்கள்.

அடுத்தது தேடல். சர்வீஸ் அக்கவுண்டில் (அப்ளிகேஷனுக்கென்றே உள்ள கணக்கு) இணைந்து பயனரின் டிஎன்னை (டைரக்டரியில் அவர் இருக்கும் இடத்தைச் சொல்லும் முழுப்பெயர்) கண்டுபிடித்து, பிறகு தனி இணைப்பில் அந்த டிஎன்னும் அவர் தந்த பாஸ்வேர்டும் கொண்டு பைண்ட் செய்யுங்கள். ஃபில்டரில் (தேடல் நிபந்தனை) சாம்அக்கவுண்ட்நேமோடு, அதாவது லாகின் பெயரோடு, ஆப்ஜெக்ட்கேட்டகரி பெர்சன் என்பதையும் சேர்க்க வேண்டும். ஆக்டிவ் டைரக்டரியில் கம்ப்யூட்டரும் யூசர் வகுப்பின் பிள்ளைதான், ஆப்ஜெக்ட்கிளாஸ் யூசர் என்று மட்டும் கேட்டால் மெஷின்களும் வந்து நிற்கும். பயனர் தட்டியதை அப்படியே ஃபில்டரில் ஒட்டாதீர்கள். நட்சத்திரக் குறி \2ஏ ஆக வேண்டும், அடைப்புக்குறிகள் \28, \29 ஆக வேண்டும், பின்சாய்கோடு \5சி ஆக வேண்டும். ரவி என்பதற்குப் பின் ஒரு நட்சத்திரம் போட்டால் ரவிச்சந்திரனும் ரவிக்குமாரும் சேர்ந்தே வருவார்கள், கோடு முதல் ஆளை எடுத்துக்கொள்ளும். விடை சரியாக ஒன்று இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். பயனருக்காக பைண்ட் செய்த இணைப்பைப் பூலுக்கு (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) திருப்பக் கூடாது, அடுத்த தேடல் அவர் உரிமையில் ஓடும்.

389இல் சாதாரண பெயர்-பாஸ்வேர்டு பைண்ட் (சிம்பிள் பைண்ட்) என்றால் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாக வயரில் போகிறது. சர்வரில் சைனிங் (ஒவ்வொரு செய்தியும் வழியில் மாறவில்லை என்று உறுதிசெய்யும் கையொப்பம்) கட்டாயமாக்கப்பட்டிருந்தால் பிழை 8 வந்து அங்கேயே நின்றுவிடும். அது நல்லதுதான். குறியாக்கத்தோடு இயங்கும் 636ஆம் போர்ட்டுக்குப் போங்கள், அல்லது 389இலேயே இணைப்பைக் குறியாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்டிஎல்எஸ் போடுங்கள். ஜாவாவின் டிரஸ்ட்ஸ்டோரில் (அது நம்பும் சர்ட்டிபிகேட்டுகளின் பெட்டி) சேர்க்க வேண்டியது நிறுவனத்தின் ரூட் சர்ட்டிபிகேட். டொமைன் கன்ட்ரோலரின் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வர்) சொந்தச் சர்ட்டிபிகேட்டைச் சேர்த்தால் அது புதுப்பிக்கப்படும் நாளில் எல்லாரும் வெளியே நிற்பார்கள். இணைப்பில் ஐபி எண் கொடுக்காமல் சர்ட்டிபிகேட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். 2018 ஜூலையில் வந்த ஜாவா 8 அப்டேட் 181 முதல் பெயர்ப் பொருத்தம் இயல்பாகவே சோதிக்கப்படுகிறது. அதை அணைக்கும் வழியைத்தான் பல இடங்களில் "தீர்வு" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் காப்பி அடிக்காதீர்கள். நடுவில் ஒரு போலி சர்வர் நின்றால் அலுவலகம் முழுவதின் பாஸ்வேர்டும் அதன் கையில்.

"இந்தக் காலத்தில் எல்டாப்பா, ஓபன்ஐடி கனெக்ட் போடக்கூடாதா" என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்பார். லாகினை வேறொரு சர்வரிடம் ஒப்படைக்கும் முறை அது. கேட்பது நியாயம். மைக்ரோசாஃப்டின் லாகின் சேவைகளான ஏடிஎஃப்எஸ்ஸோ என்ட்ரா ஐடியோ இருந்தால் அதுதான் சரி, பாஸ்வேர்டு உங்கள் அப்ளிகேஷனைத் தொடவே தொடாது, ஓடிபியும் கூடவே வரும். ஆனால் கேள்வி பைண்டைப் பற்றியது. டொமைன் கன்ட்ரோலர் மட்டுமே இருக்கும் அலுவலகங்கள் எத்தனையோ உண்டு.

லாகின் தோற்றால் லாகில் பிழை 49 என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அதே வரியின் கடைசிப் பக்கம் "டேட்டா" என்ற சொல்லுக்குப் பின் ஒரு சின்னக் குறியீடு இருக்கும். 525 என்றால் அப்படி ஒரு பயனர் இல்லை. 52இ என்றால் பாஸ்வேர்டு தவறு. 532 பாஸ்வேர்டு காலாவதி, 533 முடக்கப்பட்ட அக்கவுண்ட், 773 அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும், 775 பூட்டப்பட்டது. இவை லாகுக்கு. திரையில் 525க்கும் 52இக்கும் ஒரே வாசகத்தைக் காட்டுங்கள், யார் பெயர் இருக்கிறது என்று வெளியாள் தெரிந்துகொள்ளக் கூடாது.

பிழை 49 வந்ததும் அடுத்த சர்வரை முயலும் கோடு ஆபத்து. மூன்று கன்ட்ரோலர்கள் இருந்தால் ஒரு தட்டச்சுப் பிழை மூன்று தவறாகிவிடும். அக்கவுண்ட் பூட்டும் வரம்பு 5 தவறுகள் என்றால் இரண்டாவது முறையிலேயே அவர் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும், விண்டோஸுக்குள்ளும் போக முடியாது. இணைப்பே கிடைக்காதபோது மட்டும் அடுத்த சர்வருக்குப் போங்கள். கனெக்ட் டைம்அவுட், ரீட் டைம்அவுட் இரண்டையும் 5000 மில்லிவினாடி என்று போட்டுவிடுங்கள். ரீட் டைம்அவுட் போடாவிட்டால் ஜேஎன்டிஐ பதில் வரும்வரை காத்துக்கிடக்கும்.

பயனர் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று பார்க்கும்போது, மெம்பர்ஆஃப் என்ற புலம் நேரடி உறுப்பை மட்டுமே தரும். குரூப்புக்குள் குரூப் வேண்டுமென்றால் ஃபில்டரில் 1.2.840.113556.1.4.1941 என்ற விதியைப் பயன்படுத்துங்கள். ஒரே தேடலில் இயல்பாக 1000 பேருக்கு மேல் வர மாட்டார்கள், பக்கம் பக்கமாகக் கேட்கும் பேஜிங் வேண்டும்.

உங்கள் டேபிளில் பயனரின் அடையாளமாக டிஎன்னைச் சேமிக்காதீர்கள், வேறு ஓயூவுக்கு (டைரக்டரியின் துறைக் கோப்புறை) மாற்றினாலே அது மாறிவிடும். ஒவ்வொருவருக்கும் டைரக்டரி தரும் மாறாத எண்ணான ஆப்ஜெக்ட்ஜியூஐடியைச் சேமியுங்கள். அது 16 பைட் பைனரி. ஜேஎன்டிஐயிடம் முன்கூட்டியே பைனரி என்று சொல்லாவிட்டால் சிதைந்த எழுத்தாக வரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. எல்டாப் தரநிலையின் பெர்சன் வகுப்பில் எஸ்என், அதாவது குடும்பப் பெயர், கட்டாயம். ஆக்டிவ் டைரக்டரி கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் கட்டம் இருப்பதால் நிரப்பிவிடுகிறார்கள். நமக்கு இருப்பது இனிஷியல். அதனால் "எம்" என்ற ஒற்றை எழுத்து ஒருவரின் குடும்பப் பெயராகிவிடுகிறது, இன்னொருவருக்கு அவர் அப்பா பெயரே போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அப்ளிகேஷன் அதை எடுத்து "வணக்கம், எம்" என்கிறது. திரையில் பெயர் காட்ட எஸ்என்னைத் தொடாதீர்கள். காட்டுவதற்கென்றே உள்ள டிஸ்ப்ளேநேமை எடுங்கள், அதில் அவரவர் எழுதும் முறையிலேயே பெயர் இருக்கட்டும் என்று டைரக்டரியைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.