சாம்பியனாக இருந்த தலைவர்

கேள்வி: செஸ் உலகச் சாம்பியன் யாராவது சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேவுக்குத் தலைவராக இருந்ததுண்டா?

பதில்: ஒரே ஒருவர்தான், நெதர்லாந்தின் மாக்ஸ் யூவே. கணக்கு வாத்தியார். 1935-இல் அப்போதைய உலகச் சாம்பியன் அலெகைனையே வீழ்த்திப் பட்டம் வாங்கியவர், 1970 முதல் 1978 வரை தலைவர். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் உலகச் சாம்பியன் போட்டி. தொடக்க விழாவே முடிந்துவிட்டது, சோவியத் சாம்பியன் ஸ்பாஸ்கி வந்து காத்திருக்கிறார், அவரை எதிர்த்து ஆட வேண்டிய அமெரிக்கர் ஃபிஷரைக் காணோம். விதிப்படி ஆளை நீக்கியிருக்கலாம், ஆனால் யூவே ஆட்டத்தை இரண்டு நாள் தள்ளிவைத்தார், சோவியத் தரப்பு கொதித்ததும் விதி மீறப்பட்டது உண்மைதான் என்று எழுதியே கொடுத்தார். அந்த நேர்மைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அப்புறம் 1975-இல், கேட்ட நிபந்தனைகள் முழுதாகக் கிடைக்காமல் அப்போது சாம்பியனாக இருந்த அதே ஃபிஷர் ஆட மறுத்தபோது, அவரோடு மோதவிருந்த கார்போவைச் சாம்பியனாக அறிவித்தவரும் இவரே.