இருப்பதை எண்ணிவிட்டு இயந்திரம் வாங்குங்கள்

கேள்வி: ஊர்க்கூட்டம் போட்டு "என்ன வேண்டும்?" என்று கேட்டோம். நாற்பது கோரிக்கைகள் வந்துவிட்டன. எதில் தொடங்குவது?

பதில்: அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். "என்ன வேண்டும்?" என்றால் வெளியிலிருந்து யாரோ வந்து செய்துதர வேண்டியவைதான் வரிசை கட்டும். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் இருவரும் 1993-ல் முன்வைத்த முறை இதற்கு நேரெதிர். குறைகளை விட்டுவிட்டு, ஊரில் இருக்கும் கைத்திறன், சங்கங்கள், நிலம், நீர், கட்டடங்கள் ஆகியவற்றை முதலில் கணக்கெடுக்கச் சொன்னார்கள்.

இதை அறைக்குள் உட்கார்ந்து செய்ய முடியாது. மேட்டில் தொடங்கி, மழைநீர் ஓடும் திசையிலேயே பள்ளம்வரை நடங்கள். மண், பயிர், கிணறு, தரிசு, பூட்டிக் கிடக்கும் கட்டடம், அதன் சாவி யாரிடம் என்பதுவரை குறியுங்கள். பிறகு சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஊர்ப்படம் போடுங்கள். காகிதமென்றால் பேனா பிடித்தவர் மட்டுமே வரைவார். தரையென்றால் சுற்றி நிற்பவர்களும் அழித்துத் திருத்துவார்கள். முடிந்ததும் தாளில் நகலெடுத்து ஊரிலேயே வையுங்கள்.

பெண்கள், நிலமற்றவர்கள், இளைஞர்கள் ஆகியோரிடம் தனித்தனியே பேசிய பிறகே பொதுக்கூட்டம். இல்லாவிட்டால் முன்வரிசை நாலு பேர் சொன்னதே ஊர் சொன்னதாகப் பதிவாகும். ஒவ்வொரு குழுவுடனும் பன்னிரண்டு மாதக் கட்டம் போட்டு வேலை, வரவு, கடன், தண்ணீர் நிலவரத்தை நிரப்புங்கள். கடனை அடைக்கும் மாதமும் விளைபொருள் விலை விழும் மாதமும் ஒன்றாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும்: களத்திலிருந்தே கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அங்கே புதுத் தொழிற்கூடத்தைவிட, இருப்பு வைக்க ஓர் இடமும் அந்த இருப்பின் பேரில் கடனும்தான் முதல் தேவை.

யோசனைகளைச் சுருக்க ஆளுக்குப் பத்து விதை கொடுத்து, பிடித்ததன்மேல் வைக்கச் சொல்லுங்கள். குழுவாரியாக எண்ணுங்கள். மொத்தமாகக் கூட்டினால் சிறு குழுவின் தேவை காணாமல் போகும்.

கேள்வி: மானியத்தில் அரவை இயந்திரம் கிடைக்கிறது. மணிக்கு 200 கிலோ அரைப்பதை வாங்கலாமா?

பதில்: முதலில் சரக்கைக் கணக்கிடுங்கள். வீட்டுக்கு எடுத்து வைத்தது போக, ஆண்டுக்கு 40,000 கிலோ அரவைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ இயந்திரம் எட்டு மணி நேர வேலையில் நாளுக்கு 1,600 கிலோ அரைத்துத் தள்ளும். 25 நாளில் வேலை தீர்ந்துவிடும். மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கும், ஓட்டுநர் வேறு வேலைக்குப் போய்விடுவார். 50 கிலோ இயந்திரமென்றால் 100 நாள் ஓடும். மானியம் பெரிதுக்குத்தான் என்றால், பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேண்டாமென்று சொல்லத் தயங்காதீர்கள்.

அரவைக் கூலியை மின்கட்டணத்துக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் சரியாக வைத்துவிட்டு, லாபத்தில் ஓடுவதாக நினைப்பது வழக்கமான தவறு. பேரிங் போகிற அன்று பெட்டி காலி. இயந்திரம் பத்தாண்டு உழைக்கும் என்றால், புதிது வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் தனிக் கணக்கில் சேர வேண்டும். மானியத்தில் வந்ததானாலும் இதில் விலக்கில்லை. பழுதுச் செலவுக்கு அதுபோக இன்னொரு தொகை.

கேள்வி: பொதுக்குளத்தில் மீன் வளர்க்கத் திட்டம். சண்டை வராமல் நடத்த வழி?

பதில்: சண்டை வரும், தீர்க்கும் இடத்தை முன்பே முடிவு செய்யுங்கள். ஊரார் சேர்ந்தே பொதுவளத்தைக் காக்க முடியும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் சொன்னவற்றில் உங்களுக்கு அவசரமானவை மூன்று: உரிமை யாருக்கு என்ற தெளிவு, பயனாளிகளுக்கே பதில் சொல்லும் காவல், முதல் தவறுக்குச் சிறு அபராதமும் தொடர்ந்தால் கூடுதலும். எடுத்த எடுப்பில் பெருந்தொகை விதித்தால் வசூலிக்கவே முடியாது. வரவு செலவை மாதம் ஒருமுறை பொதுவிடத்தில் ஒட்டி, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.