பரிசு கொண்டுவரக் கூடாதா, கொண்டுவர வேண்டியதில்லையா?

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் வசிக்கும் வாசகி ஒருவரின் கேள்வி: "என் மகனுக்கு 14 வயது. படிப்பது டச்சு வழிப் பள்ளியில், வீட்டில் பேசுவது தமிழ். ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான். ஆனால் எழுதும்போது மஸ்ட், வில், வுட் போன்ற துணைவினைகள் வரும் இடமெல்லாம் ஆசிரியை சுழித்துத் தருகிறார். பிறந்தநாளுக்கு ஆங்கிலேய நண்பன் ஒருவனை அழைத்து, 'யூ மஸ்ட் நாட் பிரிங் எ கிஃப்ட்' என்று எழுதிவிட்டான். 'பரிசோடு வந்தால் உள்ளே விடமாட்டீர்களா?' என்று அந்தப் பையனின் தாயார் சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு டச்சு அரைகுறைதான். நான் எப்படி உதவுவது?"

டச்சு அரைகுறையாக இருப்பது இந்த வேலைக்குத் தடையே இல்லை. உங்கள் தமிழ் போதும்.

முதலில் அந்த அழைப்பிதழ். உங்கள் மகன் மனத்தில் நினைத்தது சரிதான். பெல்ஜியத்தின் டச்சுப் பேச்சில் 'மூட் நீட்' என்றால் 'வேண்டியதில்லை' என்று பொருள். எல்லை தாண்டி நெதர்லாந்துக்குப் போனால் அதே பொருளுக்கு 'ஹூஃப்ட் நீட்' என்பார்கள். அங்கே 'மூட் நீட்' என்பதில் 'அப்படிச் செய்யாதே' என்ற தொனி ஏறிவிடும். ஆங்கிலத்தின் 'மஸ்ட் நாட்' இன்னும் கறார், முழுத் தடை. எனவே, முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும்: 'கூடாது' என்று சொல்ல நினைத்தால் 'மஸ்ட் நாட்', 'வேண்டியதில்லை' என்று சொல்ல நினைத்தால் 'டோன்ட் ஹேவ் டு'. 'வேண்டாம்' என்ற சொல்லை மட்டும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். 'வர வேண்டாம்' என்பது சலுகையா, தடையா என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம், டச்சும் ஆங்கிலமும் நெருங்கிய உறவுக்கார மொழிகளாக இருப்பதுதான். மஸ்ட், கேன், வில், ஷல், மே ஆகிய ஐந்துக்கும் ஒரே வேரில் பிறந்த டச்சுச் சொற்கள் இருக்கின்றன. முகம் ஒன்று, குணம் வேறு. டச்சு 'வில்' விருப்பத்தைச் சொல்கிறது. ஆங்கில 'வில்' பெரும்பாலும் எதிர்காலத்தையோ அந்த நொடியில் எடுத்த முடிவையோ சொல்கிறது. ஒலிகூட ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், காபி கேட்க நினைக்கும் பிள்ளை 'ஐ வில் எ காஃபி' என்று சொல்லிவிடுகிறது. தமிழில் யோசித்துப் பார்த்தால் இந்த மயக்கம் வராது.

ஒன்றில் மட்டும் தமிழும் கைகொடுக்காது. 'நாளைக்கு அழைக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் வாக்குக் கொடுப்போம், டச்சுக்காரர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் 'ஐ கால் யூ டுமாரோ' என்று எழுதினால் சிவப்பு மைதான். அங்கே 'ஐ வில்' வேண்டும். இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கடந்தகாலம். 'நீ என்னை அழைத்திருக்க வேண்டும்' என்ற மனத்தாங்கலை டச்சில் 'ஹாட் மூட்டன்' என்ற அமைப்பில் சொல்வார்கள். ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் 'யூ ஹேட் டு கால் மீ' என்று வரும். வாக்கியம் பிழையற்றது, பொருள்தான் புரண்டுவிட்டது. அதற்கு 'நீ என்னை அழைக்க வேண்டியிருந்தது' என்று பொருள். வருத்தம் போய், வெறும் தகவல் மிஞ்சுகிறது. சரியான வடிவம் 'யூ ஷுட் ஹேவ் கால்ட் மீ'. தமிழோடு இதை ஒட்டிப் பாருங்கள்: 'ஷுட்' என்பது வேண்டும், 'ஹேவ் கால்ட்' என்பது அழைத்திருக்க. டச்சு கடந்தகாலத்தைத் துணைவினையின் தலையில் ஏற்றுகிறது. தமிழும் ஆங்கிலமும் துணைவினையைத் தொடாமல், அழைத்தல் என்ற செயலை 'அழைத்திருக்க' என்று முடிந்ததாக்குகின்றன. 'அழைத்திருக்கலாம்' என்பதற்கு 'குட் ஹேவ் கால்ட்' வருவதும் இதே கணக்குதான். எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிகள் இப்படிக் கைகோப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு கர்வம் வரும். ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: வருத்தமா, ஊகமா? 'அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்' என்பது ஊகமானால், ஆங்கிலத்தில் 'மஸ்ட் ஹேவ்'.

அடுத்தது 'வுட்'. டச்சுச் செய்தித்தாளில் 'ஸௌ' என்ற சொல்லை அடிக்கடி பார்ப்பீர்கள். பல பொருள்களில் வரும் அந்தச் சொல், செய்தியில் வந்தால் பெரும்பாலும் நம்முடைய 'ஆம்' விகுதிதான். பயிற்சியாளருக்கு உடல்நலம் சரியில்லையாம், அமைச்சர் பதவி விலகிவிட்டாராம் என்று, கேள்விப்பட்டதைப் பொறுப்பேற்காமல் சொல்வது. உங்கள் மகன் அதை 'தி கோச் வுட் பி சிக்' என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் 'எந்த நிபந்தனையில்?' என்று மீதி வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். தமிழில் சொல்லிப் பார்த்து 'ஆம்' வந்தால் 'வுட்' கூடாது. 'அப்பேரன்ட்லி' என்று தொடங்கினால் போதும். 'இஃப்' வரும் பகுதியிலும் டச்சு வழக்கத்தில் 'வுட்' நுழைந்துவிடும்: 'இஃப் ஐ வுட் நோ' அல்ல, 'இஃப் ஐ நியூ'.

மற்றவை எளியவை. டச்சில் துணைவினைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது. அதனால் 'வில் மஸ்ட்', 'வில் கேன்' என்று எழுதாமல் 'வில் ஹேவ் டு', 'வில் பி ஏபிள் டு' என்று எழுத வேண்டும். டச்சில் முதன்மை வினை இல்லாமலும் துணைவினை தனித்து நிற்கும். ஆங்கிலத்தில் 'ஐ மஸ்ட் டு ஹோம்', 'ஐ கேன் இங்கிலிஷ்' என்பவை 'கோ', 'ஸ்பீக்' இல்லாமல் நொண்டும்.

கட்டுரையை ஆசிரியையிடம் கொடுப்பதற்கு முன், துணைவினை உள்ள வாக்கியங்களை மட்டும் உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'கூடாது' வருகிறதா, 'வேண்டியதில்லை' வருகிறதா, 'இருக்க வேண்டும்' வருகிறதா, 'ஆம்' விகுதி வருகிறதா என்று காதால் கேட்டே திருத்திவிடலாம். அடுத்த பிறந்தநாள் அழைப்பிதழுக்கு 'யூ டோன்ட் ஹேவ் டு பிரிங் எ கிஃப்ட்' இலக்கணப்படி சரி. ஆனால் அழைப்பிதழில் 'நோ நீட் டு பிரிங் எனிதிங்' என்பதுதான் இன்னும் இயல்பாக இருக்கும். அதைப் படித்துவிட்டும் அந்தப் பையன் கட்டாயம் ஏதாவது கொண்டுவருவான்.