டேப் பாடியதா, ஃப்ரெடி பாடினாரா?

கேள்வி: குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி ராக், ஓபரா, காஸ்பெல் (கறுப்பின தேவாலயப் பாடல்) என எதையும் பாடுவார் என்கிறார்கள். ஆனால் மேடையில் ‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டின் ஓபரா பகுதிக்கு டேப்பைத்தானே ஓட்டினார்கள்? உச்ச ஸ்தாயி வரும் இடங்களில் கீழே இறங்கியும் பாடியிருக்கிறார். எல்லாம் ஸ்டூடியோ வித்தைதானே?

பதில்: டேப் ஓட்டியது உண்மை. அப்போது மேடையில் யார் நின்றார்கள் என்று கவனித்தீர்களா? ஒருவரும் இல்லை. நால்வரும் உள்ளே போய்விட்டு, கிட்டார் அதிரும் ராக் பகுதிக்குத்தான் திரும்புவார்கள். வாயசைத்திருந்தால் அல்லவா வித்தை!

1975-இல் பதிவான அந்தப் பகுதியை நாலு பேர் மேடையில் பாட வழியே இல்லை. ஃப்ரெடி, குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் மூவரும் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பாடி, 24 தனித்தனி ஒலித்தடங்கள் (டிராக்) கொண்ட டேப்பில் அடுக்கினார்கள். டிராக்குகள் நிரம்பியதும் பலவற்றைக் கலந்து ஒன்றாக்கி, காலியான இடத்தில் மேலும் பாடினார்கள். போகட்டும், அந்தப் பகுதியின் உச்சியில் கேட்கும் கீச்சுக்குரல் ஃப்ரெடியுடையதே அல்ல. டெய்லருடையது. அதற்கான பாராட்டும் ஃப்ரெடிக்கே போய்க்கொண்டிருக்கிறது!

கீழே இறங்கியதற்கு வருவோம். பேசும்போது அவருக்கு பாரிட்டோன், அதாவது நடுத்தர ஆண்குரல். பாடியதோ பெரும்பாலும் அதைவிட உயர்ந்த டெனர் எல்லையில். ஸ்டூடியோவில் உச்ச ஸ்வரத்தை ஒருமுறை பிடித்தால் போதும். மேடையில் இரண்டு மணி நேரம் பாட வேண்டும், மறுநாள் இன்னொரு மேடை. போதாததற்குக் குரல்நாண்களில் முடிச்சுகள் வேறு. அழுத்திக் கத்தினால் நாண்கள் பலமாக மோதி வீங்கும். வீங்கிய நாண்கள் முழுதாக மூடாமல் காற்று கசியும். முதலில் காலை வாருவது உரத்த இடமல்ல, மென்மையாகப் பாட வேண்டிய இடம். அதனால் கூடவே ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுக்கு (chord) பொருந்தும் கீழ் ஸ்வரத்துக்கு இறங்கினார், அல்லது கள்ளக்குரலில் (falsetto) உச்சத்தைத் தொட்டுவிட்டு வந்தார். தொழில் தெரிந்தவர் செய்வது அதுதான்.

பன்முகத்தை வேறு இடத்தில் தேடுங்கள். 1976-இன் ‘சம்படி டு லவ்’ காஸ்பெல் பாணி. ஒரே அசையில் பல ஸ்வரங்களை உருட்டுவார். 1979-இன் ‘கிரேசி லிட்டில் திங் கால்ட் லவ்’ ராக்கபிலி, அதாவது ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாணி. அங்கே உருட்டல் கிடையாது. கீழ்க்குரலில், சொற்களை வெட்டி வெட்டிப் போடுவார். அதே ஆண்டு லண்டனில் ராயல் பாலே கலைஞர்கள் அவரைத் தூக்கிப் புரட்ட, நேரடியாகவே பாடினார். மூச்சைத் தாங்கும் உதரவிதானம் நிலைகொள்ளாத நேரத்தில் சுருதி விலகாமல் நிற்பது லேசல்ல.

ஓபரா பாடகர் என்று அவரைச் சொல்வதை மட்டும் நானும் ஏற்க மாட்டேன். மைக் இல்லாமல் ஆர்க்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்க, குரலில் 3000 ஹெர்ட்ஸ் அருகே தனி வலு வேண்டும். வருடக்கணக்கில் பயின்றால்தான் வரும். ஸ்பெயினின் ஓபரா பாடகி மோன்செராட் கபாயேயுடன் செய்த 1988 ஆல்பத்தில்கூட ஃப்ரெடி அந்தக் குரலுக்குப் போட்டி போடவில்லை. மைக்கை நம்பித் தன் குரலிலேயே நின்றார்.

வாயசைப்பைத் திட்டியே ஆக வேண்டுமென்றால், 1988 அக்டோபர் 8 அன்று பார்சிலோனாவில் கபாயேயும் அவரும் தோன்றிய மேடை இருக்கிறது. அன்று ஒலித்தது ரெக்கார்டுதான். அதைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சி.